நாற்காலி வாங்கும் முன் மேசையை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. உயரம் 150 செ.மீ. ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே சில ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். மேசை 76 செ.மீ. உயரம், மர நாற்காலி 45 செ.மீ. ஒரு வருடமாக வலது தோள்பட்டையும் பின்கழுத்தும் வலிக்கின்றன. மாலையானால் கண் எரிகிறது. மாதத்தின் முதல் வாரம் தொந்தரவு இல்லை. பத்தாம் தேதி வாக்கில் ஆரம்பித்து, இருபதுக்குப் பிறகு தணிகிறது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, லேப்டாப்பை நான்கு தடித்த புத்தகங்களின் மேல் வைத்தேன். வலி கூடியதுதான் மிச்சம். இரண்டு வருடமாக ப்ரோகிரசிவ் கண்ணாடி போடுகிறேன். 'நிமிர்ந்து உட்கார்' என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகன் பதினெட்டாயிரம் ரூபாயில் கேமிங் நாற்காலி வாங்கித் தருகிறேன் என்கிறான். கடையில் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்கவே மனம் வரவில்லை. வாங்கலாமா? ஏ.சி. போட்டால் கழுத்து பிடித்துக்கொள்கிறது, மாமியாருக்கும் ஏ.சி. ஆகவில்லை. வலிக்கு அதுவும் காரணமா?

பதில்: நாற்காலி இப்போது வேண்டாம். மகனிடம் அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மேசை செய்யச் சொல்லுங்கள். காரணம் நீங்கள் எழுதிய மூன்று எண்களிலேயே இருக்கிறது.

150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு, உட்கார்ந்து கையைத் தளரத் தொங்கவிட்டால், முழங்கை இருக்கையிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. உயரத்தில் வரும். ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மாறும். அதனால் தையல் டேப் எடுத்து உங்கள் அளவை நீங்களே பாருங்கள். 45 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் முழங்கை தரையிலிருந்து 65 செ.மீ.யில் இருக்கிறது. மேசை 76, லேப்டாப்பின் கனம் 2, ஆக விசைகள் 78-ல் இருக்கின்றன. விரல் வேலை செய்யும் இடம் முழங்கையை விட 13 செ.மீ. மேலே. கை அங்கே எட்ட வேண்டுமானால் தோளைத் தூக்கியாக வேண்டும், அல்லது முழங்கையைப் பக்கவாட்டில் விரிக்க வேண்டும். இரண்டிலும் உழைப்பது கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரப்பீசியஸ் தசை. ஒரு பையைத் தூக்கி இறக்கினால் அந்தத் தசைக்கு ஒன்றும் ஆகாது. லேசான இறுக்கத்தை மணிக்கணக்காக, விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதற்கு ஆகாது. தோள் தூக்கியிருப்பது உங்களுக்கே தெரிந்திருக்காது. பழகிப்போன இறுக்கம் உணர்வுக்கு எட்டுவதில்லை, வலியாக மாறிய பிறகுதான் எட்டுகிறது.

நான்கு புத்தகம் வைத்தபோது திரை மட்டும் உயரவில்லை, விசைப்பலகையும் கூடவே ஏறியது. 78-ல் இருந்தது 88-க்குப் போனது. முழங்கைக்கும் விசைக்கும் இடைவெளி 23 செ.மீ. வலி கூடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். லேப்டாப்பில் திரையும் விசையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றைச் சரியான உயரத்தில் வைத்தால் மற்றது தவறான உயரத்துக்குப் போகும். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் லேப்டாப்பில் வேலை என்றால் தனி விசைப்பலகையும் தனி மவுஸும் இல்லாமல் தீர்வே கிடையாது. இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

'நாற்காலியை உயர்த்திக்கொண்டால் போதாதா' என்று கேட்கலாம். கணக்குப்படி போதும், நடைமுறையில் போதாது. இருக்கையை 58 செ.மீ.க்கு உயர்த்தினால் முழங்கை விசைக்கு நேராக வந்துவிடும். ஆனால் நம் சாப்பாட்டு மேசைகளில் பலகைக்கு அடியில் நான்கு புறமும் ஒரு சட்டம் ஓடும். பலகையும் சட்டமும் சேர்ந்து 10, 12 செ.மீ. போய்விடும். அதன் அடிவிளிம்பு 64-ல் நிற்கும்போது, 58-ல் உட்கார்ந்தவரின் தொடையின் மேற்புறம் 70, 71-ல் இருக்கும். கால் உள்ளே போகாது. கால் போகாவிட்டால் நாற்காலியைப் பின்னால் தள்ளி, முன்னால் குனிந்துதான் தட்டுவீர்கள். தோள்வலி இடுப்புவலியாக மாறும்.

அதனால் மேசையை இறக்குவதுதான் வழி. தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ இப்படிச் சொல்லுங்கள்: மேற்பலகை 19 மி.மீ. ப்ளைவுட், நீளம் 110, அகலம் 60 செ.மீ. தரையிலிருந்து பலகையின் மேற்புறம் வரை 63 செ.மீ. உட்காரும் பக்கத்தில் சட்டமோ டிராயரோ வேண்டாம், கால்களைப் பின்புறச் சட்டத்தில் பிணைத்துக்கொள்ளட்டும். முன்விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள், கூர்மையாக விட்டால் மணிக்கட்டை அழுத்தும். 63 என்பது என் மதிப்பீடு. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 2 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். அந்த 2 செ.மீ. தனி விசைப்பலகையின் கனத்துக்கு. தச்சர் 'இது ரொம்பக் குள்ளமா இருக்கும்மா, 75 வெச்சுரலாம்' என்று கட்டாயம் சொல்வார். விட்டுக்கொடுக்க வேண்டாம். கடைகளில் கிடைக்கும் மேசைகள் 73 முதல் 76 செ.மீ. வரை இருக்கும். உங்களை விட ஒரு சாண் உயரமான உடம்பை மனத்தில் வைத்து நிலைத்துவிட்ட அளவு அது. ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்திய உடல் அளவுகளைத் தொகுத்து 1997-லேயே வெளியிட்டுவிட்டது. அறைக்கலன் கடைகளுக்கு அது வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பாதம் அடுத்தது. உங்கள் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 38 செ.மீ. இருக்கும். நாற்காலி 45. ஆகவே இப்போது உங்கள் குதிகால் தரையில் பதிவதில்லை, நுனிக்காலில் நிற்கிறது அல்லது நாற்காலிக் காலைச் சுற்றிப் பின்னிக்கொள்கிறது. பாதம் ஊன்றாவிட்டால் தொடையின் அடிப்பக்கம் இருக்கையின் விளிம்பில் அழுந்தும். அதைத் தவிர்க்க உடம்பு தானாகவே முன்னால் நகரும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகும். 'நிமிர்ந்து உட்கார்' என்று எத்தனை முறை சொன்னாலும் பலிக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். 7 செ.மீ. உயரமுள்ள ஒரு மணைப்பலகை போதும், பெரும்பாலான வீடுகளில் ஒன்று சும்மா கிடக்கும். இரண்டு பாதமும் முழுதாகப் பதியும் அகலம் இருக்க வேண்டும். டைல்ஸ் தரை என்றால் அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டுங்கள், நழுவாது.

மேசை வரும் வரை: நாற்காலி மேல் 12 மி.மீ. ப்ளைவுட், அதன் மேல் 40 டென்சிட்டி ஃபோம், மொத்தம் 6 செ.மீ. வரும்படி வையுங்கள். காலுக்கு 13 செ.மீ. உயரம். தலையணையை மடித்துப் போட வேண்டாம். கால் மணி நேரத்தில் அமுங்கி, இடுப்பு ஒரு பக்கம் சரியும்.

நிமிர்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்காரருக்காக. 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோகிம் வில்கேயின் குழு, ஒருவரின் இடுப்பு முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அன்றாட வேலைகளின்போது அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாயாமல் தளர்வாக உட்கார்ந்தால் 0.46, நாற்காலியில் நன்றாகச் சரிந்து சாய்ந்தால் 0.3 என்று வந்தது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் குச்சி மாதிரி விறைத்து உட்கார்வதே உத்தமம் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் இல்லை. முதுகு சாய்மானத்தில் படும்படி, தொடைக்கும் உடம்புக்கும் இடையே 100 முதல் 110 டிகிரி கோணத்தில் சாய்ந்து வேலை செய்யுங்கள். மர நாற்காலியின் சாய்மானம் செங்குத்தாக இருந்தால், ஒரு குளியல் துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள்.

இப்போது கழுத்துக்கு வருகிறேன். இதில்தான் அந்த வீடியோ உங்களுக்குப் பொருந்தாமல் போனது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும் என்ற விதி, கண்ணாடி போடாதவர்களுக்கும் ஒரே பவர் கண்ணாடி போட்டவர்களுக்கும் சரி. ப்ரோகிரசிவ் கண்ணாடியில் மேற்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி படிப்பதற்கு, நடுவில் ஒரு குறுகிய பாதை மட்டும் கை நீட்டும் தூரத்துக்கு. கண் மட்டத்தில் இருக்கும் திரையை நேராகப் பார்த்தால், தூரப் பார்வைக்கான பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள், எழுத்து மங்குகிறது. மூளை உங்களைக் கேட்காமலே தாடையைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பகுதியைத் திரைக்கு நேராகக் கொண்டுவருகிறது. தலை பின்னால் சாய, பின்கழுத்து மடிகிறது. அந்த மடிப்பில்தான் உங்களுக்கு வலி.

சோதித்துப் பாருங்கள். வேலையில் மூழ்கியிருக்கும்போது, சொல்லாமல் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களே தாடையை மெல்ல இரண்டு விரற்கடை இறக்குங்கள். திரையில் உள்ள இலக்கங்கள் மங்கினால், கழுத்துவலியின் பெரும்பங்கு கண்ணாடியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிய மேசையில் உங்கள் கண் தரையிலிருந்து சுமார் 112 செ.மீ.யில் இருக்கும். 15.6 அங்குல லேப்டாப்பைத் திறந்து வைத்தால் திரையின் மேல்விளிம்பு மேசையிலிருந்து 24 செ.மீ., அதாவது தரையிலிருந்து 87-ல் வரும். அது சற்று அதிகமான பள்ளம், குனிய வைக்கும். 8 முதல் 10 செ.மீ. உயர்த்துங்கள். மேல்விளிம்பு கண்ணுக்கு 15 செ.மீ. கீழே வந்தால் உங்களுக்குச் சரி. திரையை மேற்புறம் பின்னால் போகும்படி சாய்த்து வையுங்கள். கண்ணிலிருந்து திரை 60 செ.மீ. தூரம் இருக்கட்டும். அந்தத் தூரத்தில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் முன்னால் சாயாமல், விண்டோஸில் டிஸ்ப்ளே அளவை 125 சதவீதமாக்குங்கள்.

இதற்குப் பிறகும் தாடை தூக்கினால், கணினிக்கென்று தனிக் கண்ணாடி தேவை. கண் பரிசோதனைக்குப் போகும் முன் கண்ணிலிருந்து திரை வரை, கண்ணிலிருந்து பில் வரை இரண்டு தூரத்தையும் டேப்பால் அளந்து சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். 'கம்ப்யூட்டர் பார்க்கிறேன்' என்று மட்டும் சொன்னால், வழக்கமான 40 செ.மீ. படிப்புத் தூரத்துக்கே பவர் போட்டுவிடுவார்கள். அந்தக் கண்ணாடியில் திரையை நெருங்கினால்தான் தெரியும், நீங்கள் மறுபடியும் முன்னால் குனிவீர்கள். கணினிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குவதும் வண்டி ஓட்டுவதும் கூடாது, தூரம் மங்கும். கடையில் நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2023-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கண் சோர்வைக் குறைப்பதில் அந்த லென்ஸ்களுக்குச் சாதாரண லென்ஸை விடக் குறுகிய காலத்தில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

வலது தோள் மட்டும் வலிக்க இன்னொரு காரணமும் இருக்கலாம். கணக்கு வேலைக்கு எண் விசைகள் உள்ள நீளமான விசைப்பலகைதான் வாங்கத் தோன்றும், வேண்டியதும் அதுதான். ஆனால் எழுத்து விசைகளின் நடு உங்கள் தொப்புளுக்கு நேரே இருக்கும்படி வைத்தால், எண் பகுதியைத் தாண்டி மவுஸ் வலது தோளுக்கும் வெளியே போய்விடும். ஒவ்வொரு முறையும் கை பக்கவாட்டில் நீள வேண்டும். டேலி கணக்கு மென்பொருளில் பெரும்பாலும் விசைகளே போதும், ஜி.எஸ்.டி. தளத்தில்தான் மவுஸ் ஓயாமல் ஓடும். ஆகவே தளத்தில் வேலை செய்யும் நாட்களில் மவுஸை இடது கைக்கு மாற்றுங்கள். முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். முடியாது என்றால் எண் பகுதி இல்லாத குட்டை விசைப்பலகையும், தனியாக யு.எஸ்.பி. நம்பர் பேடும் வாங்கி, பேடை இடப்புறம் வையுங்கள். விசைப்பலகையின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்கியே வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும்.

பில்களை மேசை மேல் படுக்க வைத்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து தட்டி, மறுபடி குனிந்து பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று ஒரு படம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது, மனிதக் கழுத்தில் அளந்ததல்ல. பயமுறுத்தலைத் தள்ளிவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம்: தலை எவ்வளவு குனிகிறதோ அவ்வளவு பின்கழுத்துத் தசை இழுக்க வேண்டும். பூஜை அறையில் ராமாயணம் வைத்துப் படிக்கும் வியாசபீடம் இருந்தால், அதைத் திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் வைத்து பில்லைச் சாய்த்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் வைப்பதானால் திரையை ஒட்டி, அதே தூரத்தில். பழைய கணக்குப்பிள்ளைகளின் சாய்வுப் பெட்டி மேசையில் தாள் எப்போதும் கண்ணைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை விடச் சௌகரியமாக இருந்தார்கள்.

கண் எரிச்சலுக்கு வருவோம். ஜப்பானியக் கண் மருத்துவர்கள் ட்சுபோடாவும் நகமோரியும் 1993-ல் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைக்கும் கண், புத்தகம் படிக்கையில் 10 முறையும், திரையைப் பார்க்கையில் 7 முறையும்தான் இமைத்தது. இமைப்பு குறைந்தால் கண்ணீர்ப் படலம் ஆங்காங்கே உடைந்து காயும். மேலே மின்விசிறியும் ஓடினால் கேட்கவே வேண்டாம். இங்கேயும் தாழ்ந்த திரை உதவுகிறது: கீழே பார்க்கும்போது மேலிமை இறங்கி, காற்றுபடும் கண்ணின் பரப்பு குறைகிறது. டேபிள் ஃபேன் வைத்திருந்தால் முகத்திலிருந்து திருப்பி, கால் பக்கமோ முதுகுப் பக்கமோ வையுங்கள். ஒவ்வொரு பில்லையும் முடித்துவிட்டு ஒரு முறை இமையை முழுதாக மூடித் திறங்கள். அரைகுறை இமைப்பு கண்ணின் கீழ்ப்பகுதியை நனைப்பதில்லை.

வெளிச்சத்தை ஒரே நிமிடத்தில் பரிசோதிக்கலாம். லேப்டாப்பை அணைத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பாருங்கள். ஜன்னலோ ட்யூப்லைட்டோ அதில் தெரிந்தால், வேலை நேரம் முழுவதும் உங்கள் கண் அதோடு மல்லுக்கட்டுகிறது. ஜன்னல் முதுகுப் பக்கமும் இருக்கக் கூடாது, திரைக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். புதிய மேசையை அதற்கேற்பப் போடுங்கள். திரையின் பிரகாசத்தைச் சரிசெய்ய, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு போல ஒளிர்ந்தால் குறையுங்கள், சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டுங்கள். பில் படிக்க மட்டும் ஒரு சிறு மேசை விளக்கு, பல்பு கண்ணுக்குத் தெரியாதபடி.

அறையில் இருப்பது பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டா? அது நொடிக்கு 100 முறை மின்னி அணைகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விளைவு உண்டு. 1989-ல் ஆர்னால்ட் வில்கின்ஸும் சக ஆய்வாளர்களும் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில், அந்த வகை விளக்குகளை எலக்ட்ரானிக் பாலஸ்ட் விளக்குகளோடு ஒப்பிட்டார்கள். மின்னாத விளக்கின் கீழ் தலைவலியும் கண் சோர்வும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. மலிவான எல்.இ.டி. பல்புகள் சிலவும் இப்படி மின்னுகின்றன. விளக்கின் கீழ் பேனாவை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் பல்பை மாற்றுங்கள்.

ஏ.சி. பற்றி: தோள்வலியின் மூலக்காரணம் அது இல்லை. ஏற்கனவே இறுகிய தசை மேல் குளிர்ந்த காற்று நேராக அடிப்பது சுகமாக இருக்காது, அவ்வளவுதான். ஏ.சி.யின் காற்று கழுத்தில் படாதபடி தகட்டை மேல்நோக்கித் திருப்பி, 26 அல்லது 27-ல் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். வெப்ப சுகத்தை எண்ணாக்கிய டேனிஷ் ஆய்வாளர் ஃபாங்கர், காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடுப்பு, செய்யும் வேலை என்று ஆறு காரணிகளைச் சொன்னார். ஏ.சி. ரிமோட்டில் இருப்பது அதில் ஒன்று மட்டும். அவருடைய கணக்கில் எல்லாம் மிகச் சரியாக அமைந்த அறையிலும் நூற்றில் ஐந்து பேருக்குத் திருப்தி இருக்காது, ஆகவே மாமியாரோடு வாதாடிப் பயனில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் இந்தியக் கட்டடங்களில் ஆய்வு செய்து உருவாக்கிய சூத்திரப்படி, ஜன்னல் திறந்த கட்டடத்தில் இருப்பவர்களுக்கு இதமான வெப்பம், வெளியே அண்மை நாட்களின் சராசரி வெப்பத்தை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்டினால் வரும். வெளியே சராசரி 32 என்றால் உள்ளே 30. பழகிய உடம்புக்கு 30 டிகிரி உபத்திரவம் இல்லை.

கேமிங் நாற்காலியில் உட்கார்ந்ததும் எழ மனம் வரவில்லை என்றீர்கள். அதை நம்புகிறேன், அதை வைத்து வாங்கக் கூடாது என்றும் சொல்கிறேன். 1990-களின் நடுவில் லிஜியன் ஜாங்கும் மார்ட்டின் ஹெலாண்டரும் உட்கார்ந்து வேலை செய்பவர்களை விசாரித்துக் கண்டது இது: சுகமும் உபாதையும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல. சுகம் என்று மனிதர் சொல்வதில் மென்மை, தளர்வு, பார்வைக்கு அழகு எல்லாம் கலந்திருக்கின்றன. அது உட்கார்ந்த உடனே தெரியும். உபாதை என்பது அழுத்தம், மரத்துப்போதல், களைப்பு. அது நேரம் ஆக ஆகத்தான் ஏறும். கடையில் நீங்கள் அளந்தது முதலாவதை. வீட்டில் ஆறு மணி நேரம் அனுபவிக்கப்போவது இரண்டாவதை. உங்கள் அளவில் பார்த்தால், அந்த வகை நாற்காலிகள் பலவற்றில் இருக்கையின் ஆழம் 50 செ.மீ.க்கு மேல். உங்களுக்கு 38, 39 போதும். முதுகைச் சாய்மானத்தில் வைத்தால் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கும். இடிக்காமல் உட்கார்ந்தால் சாய்மானம் எட்டாது. முழுக்கத் தாழ்த்தினாலும் 43, 44 செ.மீ.க்குக் கீழே வராதவையே அதிகம். கைப்பிடிகள் மேசை விளிம்பில் முட்டும்.

பிறகு எப்போதாவது நாற்காலி வாங்குவதானால், கடைக்கு டேப்போடு போங்கள். முதுகு சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்தால் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி இறங்க வேண்டும், அல்லது கழற்ற முடிய வேண்டும். இருபது நிமிடமாவது எழாமல் உட்காருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பத்தாம் தேதிக்கு ஆரம்பித்து இருபதில் தணிகிறது என்ற தகவல் மிக உபயோகமானது. 11-ல் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கும், 20-ல் 3பி படிவத்துக்கும் கடைசி நாள். அந்தப் பத்து நாளில் எழாமல் வேலை செய்கிறீர்கள், மீதி நாளில் உடம்பு தேறிக்கொள்கிறது. தேறுகிறது என்பதே நல்ல செய்தி, நிலைத்த சேதம் இல்லாததன் அறிகுறி. ஆனால் எல்லா நாளும் தவறாக இருக்கும் மேசை, நெருக்கடி நாட்களில்தான் கணக்குத் தீர்க்கிறது. அமெரிக்க வரித்துறையில் படிவங்களைத் தட்டேற்றும் பணியாளர்களிடம் கலின்ஸ்கியின் குழு செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. வழக்கமான இடைவேளைகளோடு, மணிக்கு 5 நிமிடக் கூடுதல் ஓய்வு கொடுத்தார்கள். உடல் உபாதையும் கண் சோர்வும் குறைந்தன, முடித்த வேலையின் அளவு குறையவில்லை. உங்கள் தொழிலுக்கு இதை விட நெருக்கமான ஆய்வு கிடைக்காது. மொபைலில் 55 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்தபடி மொபைல் பார்ப்பது கணக்கில் சேராது. கடைக்காரர்களின் போன் அழைப்புகளை நின்றபடியே பேசுங்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்க வேண்டாம். முடிந்தால் வாங்கிய பில்களை மாதக் கடைசியிலிருந்தே ஏற்றத் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. முதலில் தனி விசைப்பலகை, மணை, திரை உயரம், பில் சாய்மானம். பத்து நாள் கழித்து மேசை. அதன் பிறகு கண்ணாடி. 1976-ல் ஆய்வாளர்கள் கார்லெட்டும் பிஷப்பும் பயன்படுத்திய முறை ஒன்றைப் பின்பற்றலாம்: ஒரு தாளில் மனித உருவத்தைப் பின்புறமாக வரைந்து கழுத்து, இரு தோள், மேல்முதுகு, இடுப்பு, மணிக்கட்டு என்று பிரித்து, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 5 வரை மார்க் போடுங்கள். காலையில் 0, மாலையில் 4 என்றால் வேலைதான் காரணம். காலையில் எழும்போதே 4 என்றால் தலையணையையும் படுக்கையையும் பாருங்கள். 10 முதல் 20 வரையிலான நாட்களை முந்தைய மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள், முதல் வாரத்தோடு அல்ல.

மேசையை மாற்றித் தீராதவையும் உண்டு. வலது கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளாடைக் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை வாரக் கை தூக்க முடியவில்லை, வேறொருவர் தூக்கிவிட்டாலும் கை ஏறவில்லை என்றால் அது உறைதோளாக (ஃப்ரோசன் ஷோல்டர்) இருக்கலாம். உங்கள் வயதுப் பெண்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரை அல்லது தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு, வருவது. எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள், சர்க்கரையும் சோதித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போய் உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. வலி கையின் வழியாக இறங்கி, பிடித்த டம்ளர் நழுவுகிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தோள்வலியோடு மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது எந்தத் தோளாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.